மூன்றாம் வகுப்புக்குச் சரித்திரம் எழுதியவர்

அவர் தலையில் முடியே கிடையாது. ஆனாலும் நான் அவரை முதலில் பார்த்த அன்று அவருடைய சட்டைப்பை நிறையச் சீப்புகள் இருந்தன. சேலம் ஜங்ஷனில் கண் தெரியாத ஒருவர் சீப்பு விற்றுக்கொண்டு வந்து, “சாமி, ஒண்ணு வாங்கிக்கங்க” என்றாராம். இவர் வாங்கிவிட்டார். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அவரிடமும் வாங்கினார். எங்கள் அச்சகத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டிவிட்டு, “ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்க அம்மிணி” என்றார் வெட்கத்தோடு. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸ். கன்னியர் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தும் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்த எனக்கு, பங்குச் சாமியார்தான் முதலாளியிடம் சொல்லி இந்த வேலையை வாங்கித் தந்தார். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்து ஓரிரு வருஷங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடங்களில் எல்லாம் புது தேசப்படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது.

“இனிமே நம்ம ராஜ்யம் எது, நம்ம ஜில்லா எது, நம்ம சனங்க யாருன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கோணுமில்ல? மூணாங் கிளாசுக்குச் சேலம் ஜில்லாக் கதை. அஞ்சாங் கிளாசுக்கு ராஜ்யத்தோட கதை. படம் போட்டுக் கதையாட்டம் இருக்கோணும்.”

எழுத ஆள் தேடியபோது யாரோ இவரைச் சொன்னார்கள். எடப்பாடிப் பக்கம் ஓர் ஊரில் ஆரம்பப்பள்ளி வாத்தியார். பள்ளி ஒரு கமிட்டியின் கையில் இருந்தது. முதலாளி கடிதம் போட்ட அடுத்த வாரமே வந்துவிட்டார். “ஆகட்டுங்க, எழுதிப்போடலாம்” என்றார். சம்பளம் எவ்வளவு, எப்போது முடிக்க வேண்டும், எதையும் கேட்கவில்லை.

ஆகட்டுங்க. அவர் வாயில் எப்போதும் அந்தச் சொல்தான். சொல்லும்போது வலது உள்ளங்கையைக் குழந்தையின் தலையில் வைப்பதுபோல மெல்லத் தாழ்த்துவார். கேட்டவருக்கு அந்தக் கணமே காரியம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரே முகூர்த்தத்தில் நடக்கிற இரண்டு கல்யாணத்துக்கும் வருகிறேன் என்பார். இரண்டு வீட்டார் கண்ணிலும் படாமல் அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் வீட்டுக்காரம்மா குட்டையானவர். பேச்சு கணீரென்று இருக்கும். ஒருமுறை புரூஃப் கட்டோடு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டே தன் கல்யாணக் கதையைச் சொன்னார்.

“எங்கப்பன் வேற மாப்பிள்ளை பாக்கத்தான் இந்த ஊருக்கு வந்தாரு. அவிய ஊடு பூட்டிக் கெடந்துது. வழியில இவரு நின்னாரு. ‘ஏனுங்க தம்பி, எம்புள்ளையக் கட்டிக்கிறீங்களா’ன்னு எங்கப்பன் வெளையாட்டாக் கேட்டாரு. இவரு ஆகட்டுங்கன்னுட்டாரு.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்தார்.

“நல்ல மனுசன்தான் அம்மிணி. ஒரு கொறையும் வெக்கல. ஆனா என்னை வேணும்னுதான் கட்டுனாரா, வேண்டாம்னு சொல்லத் தெரியாமக் கட்டுனாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

ஆனால் எழுத்து என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். அந்தக் காலத்துச் சரித்திரப் புத்தகங்களில் ராஜாக்கள் வரிசையாக வந்து, பட்டமேறி, போரிட்டு, செத்துப்போவார்கள். இவருடைய கதையில் ராஜாக்கள் பரிசலில் ஏறினார்கள். “காவிரிக்கு இந்தக் கரையில் ஒரு ராஜா, அந்தக் கரையில் ஒரு ராஜா. யார் பெரியவர் என்று பரிசல்காரரைக் கேளுங்கள். என் பரிசலில் ஏறினால் எந்த ராஜாவும் குந்தித்தான் உட்கார வேண்டும் என்பார்.” இப்படி எழுதிக் கொண்டுவந்து, கம்பாசிட்டர் முன்னால் நின்று உரக்கப் படிப்பார். கம்பாசிட்டர் கையை நிறுத்திக் கேட்டால் அந்த வரி நிற்கும். கேட்காமல் எழுத்துக் கோத்துக்கொண்டே இருந்தால் அங்கேயே அடித்துவிட்டு வேறு எழுதுவார். நான் அதுவரை எத்தனையோ பக்கங்களைப் பிழை தேடிப் படித்திருந்தேன். பிழை தேட மறந்து படித்தது அவருடைய பக்கங்களைத்தான்.

வாத்தியார் புத்தகம் எழுதுகிறார் என்ற செய்தி பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எடப்பாடித் தறிக்காரர் ஒருவர், “எங்க துண்டு ரங்கூன் வரைக்கும் போச்சுங்க, அதப் போடோணும்” என்றார். ஆகட்டுங்க. தம்மம்பட்டியிலிருந்து ஒரு கடைக்காரர் பஸ் ஏறி வந்து, மலைமேல் இருக்கிறவர்கள் தினை அறுத்ததும் கும்பிடுகிற விதத்தைச் சொன்னார். ஆகட்டுங்க. எங்கள் ரயில்வே காலனியில் கிறிஸ்துமஸ் இரவு என்ஜின் டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து விசில் ஊதுவதை நானே ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த வாரம் கையெழுத்துப் பிரதியில் அது இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலை எனக்கு இன்றும் தெரியும். என் அப்பா வேலை பார்க்கிற இடம் ஒரு பாடப்புத்தகத்தில் வருகிறது! அச்சில் நம்மைப் பார்க்க எல்லோரும் ஏன் இத்தனை தூரம் வருகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“இது புள்ளைங்க படிக்கிற புத்தகமுங்களா, பஞ்சாங்கமுங்களா?” என்று முதலாளி கத்தினார். “கொஞ்சம் கொறைங்க வாத்தியாரே.” அதற்கும் அவர் ஆகட்டுங்க என்றார். குறைக்கவில்லை.

சின்னான் வந்தது அந்தச் சமயத்தில்தான். கடைசிப் பக்கங்களின் புரூஃபைக் காட்டித் திருத்தம் வாங்குவதற்காக நான் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போயிருந்தேன். வாத்தியார் வீட்டு வாசலுக்கு அப்பால், வேலிப் படலுக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஊருக்கு வெளியே இருந்த வளவில் குடியிருப்பவர். ஏரியின் மதகைத் திறந்து மூடுவது தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடும்பத்து வேலை.

“உள்ளே வாங்க” என்றார் வாத்தியார்.

“இருக்கட்டுங்க சாமி. ஒண்ணு கேக்கலாம்னு வந்தனுங்க. ஊருக் கதையெல்லாம் எழுதுறீங்களாமா. எங்க முப்பாட்டன் முத்தானைப் பத்தி ஒரு வரி போடுவீங்களா? எம்புள்ள காளியம்மா வர்ற வருசம் மூணாங் கிளாசுங்க. அவ படிப்பாளுங்க.”

முத்தான் கதையை அவர் நின்றபடியே சொன்னார். ஒரு பெருமழையில் ஏரி தளும்பியதாம். மதகு வாயில் மரம் வந்து அடைத்துக்கொண்டதாம். கரை உடைந்தால் ஊரே போய்விடும் என்ற நிலையில் முத்தான் தண்ணீருக்குள் முழுகி அடைப்பை எடுத்தாராம். தண்ணீர் வடிந்தது. அவர் வரவில்லை. கரையில் அவருக்கு ஒரு கல் நட்டிருக்கிறது; ஆடியில் வளவுக்காரர்கள் விளக்கு வைப்பார்கள். அவ்வளவுதான்.

வாத்தியார் “ஆகட்டுங்க” என்றார். இந்த முறை கை தாழவில்லை. என்னிடமிருந்து பென்சிலை வாங்கி, அங்கேயே, புரூஃபின் ஓரத்தில் எழுதினார். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினார்.

“மழை விடவில்லை. ஏரிக்கரை நடுங்கியது. முத்தான் என்பவர் நீருக்குள் முழுகினார். மதகு திறந்தது. ஊர் பிழைத்தது. முத்தான் மேலே வரவில்லை. குழந்தைகளே, அந்த ஏரியில் தண்ணீர் குடிக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.”

சின்னான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

சேலத்தில் கம்பாசிட்டர் அந்த வரிகளைக் கோத்து முடித்து, தாமாகவே ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பக்கம் தயாராகி அச்சுக்குக் காத்திருந்தது.

பள்ளிக் கமிட்டித் தலைவர் அச்சகத்துக்கு வந்தபோது வாத்தியாரும் கூடவே வந்தார். தலைவர் அந்த ஊரின் பெரிய பண்ணையக்காரர். சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் இந்தப் புத்தகத்தைத் தானே வாங்கிப் போடுவதாகச் சொல்லியிருந்தார். முதலாளி அதை நம்பித்தான் காகிதமே வாங்கியிருந்தார். தலைவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல. காபி சாப்பிட்டார். படங்களைப் பார்த்துப் பாராட்டினார். பிறகு சொன்னார்:

“ஏரிக்கரை உடையாமக் காத்தது எங்க பாட்டனாருங்க. ஆளுகளக் கூட்டி மண்ணுப் போட்டு நிறுத்துனாரு. எங்க ஊட்டுல எல்லாருக்கும் தெரியும். இதுல வேற என்னமோ எழுதியிருக்காங்களாமா?”

முதலாளி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

“எனக்கொண்ணும் இல்லீங்க வாத்தியாரே. நாளைக்கு ஊருக்குள்ள ஒரு வம்பு வந்திரக்கூடாது பாருங்க. நீங்களும் அங்கதான் குடியிருக்கோணும். அத எடுத்துப்போட்டு எங்க பாட்டனாரப் பத்தி எழுதிருங்களே.”



“ஆகட்டுங்க” என்றார் வாத்தியார்.

அவர்கள் அங்கே இருக்கும்போதே கம்பாசிட்டர் பக்கத்தைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்தார். முத்தானின் வரிகளை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துத் தூக்கினார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அதனதன் அறையில் போட்டார். ‘மு’ ஓர் அறைக்கு, ‘த்’ ஓர் அறைக்கு. ஈய எழுத்து மரத்தில் விழுகிற சின்னச் சத்தம். வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பதிலான வரிகளை அவரே எழுதிக்கொடுத்தார். அவையும் நன்றாகத்தான் இருந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தலைவர் காருக்குப் போன பிறகு நான் கேட்டேன்: “ஐயா, அந்த மனுஷனுக்கு என்ன சொல்லுவீங்க?”

அவர் கையிலிருந்த குடையின் துணியை நீவிக்கொண்டே இருந்தார்.

“எதுர்ல நிக்கிறவங்க மூஞ்சி வாடுனா என்னால தாங்க முடியறதில்ல அம்மிணி. அந்த நேரத்துல எதுர்ல இல்லாதவங்க மூஞ்சி எனக்குத் தெரிய மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?”

அவர் என்னிடம் உண்மையாகவே கேட்டார். எனக்கு வயது இருபதுகூட ஆகவில்லை.

புத்தக வெளியீட்டு விழா அந்தப் பள்ளி மைதானத்தில் நடந்தது. பந்தல், மைக் செட், தலைவருக்கு மாலை. நான் புத்தகக் கட்டுகளோடு போயிருந்தேன். கூட்டம் கலைந்ததும் சின்னான் வந்தார். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். ஒரு புத்தகம் வாங்கி, அதை வாத்தியாரிடமே நீட்டினார்.

“ஒருக்கா படிச்சுக் காட்டுங்க சாமி.”

வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார். ஏரி படம் போட்ட பக்கம். அதில் மண்கூடை சுமக்கும் ஆட்களுக்கு நடுவே தலைப்பாகையோடு தலைவரின் பாட்டனார் நின்றிருந்தார். அடியில் இருந்த வரிகளின்மேல் விரலை வைத்து வாத்தியார் படிக்க ஆரம்பித்தார்.

“மழை விடவில்லை. ஏரிக்கரை நடுங்கியது. முத்தான் என்பவர் நீருக்குள் முழுகினார்…”

நான் எட்டிப் பக்கத்தைப் பார்த்தேன். விரல் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குச் சரியாக இறங்கியது. முன்பு எழுதியதைவிடக் கூடுதலாகவே படித்தார். முத்தானுக்கு ஒரு மனைவி வந்தாள்; கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சின்னானின் முகம் மலர மலர அவருடைய குரலும் உயர்ந்தது. படித்து முடித்ததும் சின்னான், “இந்தப் பக்கந்தானுங்களே?” என்று கேட்டு, மூலையை மடித்துத் தரச் சொன்னார். மடித்துக் கொடுத்தார்.

பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்து, அடுத்த அச்சுக்கு என்னென்ன திருத்த வேண்டும் என்று கேட்டுவர முதலாளி என்னை அனுப்பினார். நான் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வாத்தியாரோடு உட்கார்ந்திருந்தேன். சின்னான் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. அழுது வீங்கிய கண்கள். கன்னத்தில் விரல் தடம்.

“சாமி, இவளுக்குப் படிப்பே வரலீங்க. நீங்க படிச்சுக் காட்டுனதப் படிடீன்னா, வேற என்னத்தையோ படிக்கிறா. வளவே கூடி உக்காந்திருந்துதுங்க. மானமே போச்சு. ரெண்டு வெச்சுட்டனுங்க.”



“படி கண்ணு” என்றார் வாத்தியார்.

காளியம்மா மடித்த பக்கத்தைப் பிரித்து விரல் வைத்துப் படித்தாள். எழுத்துக் கூட்டாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, “பெரியவர் ஆட்களைத் திரட்டினார். கரையைக் காத்தார்” என்று படித்தாள். ஒரு தப்பு இல்லை. படித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பாத்தீங்களா சாமி?” என்றார் சின்னான்.

வாத்தியாருடைய உதடுகள் அசைந்தன. உள்ளங்கை மேலே எழுந்தது. அது எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

“புள்ள சரியாத்தானுங்க படிக்கிறா.”

சின்னான் மகளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிள்ளையின் கன்னத்தைத் துண்டின் நுனியால் மெதுவாகத் துடைத்துவிட்டார். பிறகு, வாத்தியாருக்குப் பதில் சொல்லும் சிரமம் வைக்காமல், தாமே கேட்டார்:

“அச்சுல உட்டுப்போச்சுங்களா சாமி?”

“ஆமாங்க” என்றார் வாத்தியார். காதில் விழுந்தும் விழாத அளவுக்கு மெதுவாக.

அடுத்த அச்சில் அந்த வரிகளைப் போடலாமா என்று நான் முதலாளியிடம் கேட்டேன். தலைவர்தானே வாங்குகிறார் என்றார். அதற்கடுத்த அச்சிலும் கேட்டேன். புத்தகம் பல வருஷங்கள் ஓடியது. வேண்டுமானால் என்ஜின் விசிலை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் முத்தானைப் போடுங்கள் என்றுகூட ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முதலாளி சிரித்தார்.

வாத்தியார் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எழுதவேயில்லை. கேட்டபோதெல்லாம் எழுதுவதாகச் சொன்னார். ஒரு பக்கம்கூட வரவில்லை. சரித்திரப் பாடத்தை உதவி ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு எல்லா வகுப்புக்கும் கணக்கு எடுத்தார். எனக்குக் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போன பிறகு, அவர் இறந்த செய்தியை வீட்டுக்காரம்மா யாரையோ கொண்டு எழுதியிருந்தார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது. அது ஆடி மாசம். வீட்டுக்காரம்மா, “ஏரிக்குப் போயிருக்காரு. வருசா வருசம் போறாரு. போக வேண்டாமுன்னா கேக்கறதில்ல” என்றார். நானும் கரைக்குப் போனேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. முத்தான் கல்லுக்கு மஞ்சள் பூசி, விளக்கு வைத்து, வளவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவே வாத்தியார் நின்றிருந்தார். சின்னான்தான் கூப்பிட்டாராம். அச்சில் இல்லாவிட்டால் போகிறது, நீங்கள் வந்து ஒருக்கா படித்துக் காட்டிவிட்டுப் போங்கள், சனங்கள் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்று புத்தகம் வந்த வருஷமே கேட்டாராம். அன்றிலிருந்து போகிறார்.

அவர் கையில் சின்னான் வாங்கிய அந்தப் புத்தகம், மடித்த பக்கத்தில் விரிந்திருந்தது. உரக்கப் படித்தார். மழை, கரை, மதகு, முத்தான், கரையில் நின்று கூப்பிட்ட பெண். கிழவர்கள் தலையாட்டினார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரியும், அந்தக் கதை புத்தகத்தில் இல்லை என்று. ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய தோளுக்குப் பக்கத்தில் காளியம்மா நின்றிருந்தாள். தாவணி போட்ட பெண்ணாகியிருந்தாள். அவர் விரல் நகர நகர அவள் கண்களும் அச்சிலிருந்த வரிகளிலேயே நகர்ந்தன.

முடிந்ததும் சின்னான் கும்பிட்டார். காளியம்மா புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடினாள். அப்பா கை நீட்டினார். அவள் அப்பாவிடம் கொடுக்கவில்லை. வாத்தியாரின் கையைப் பிடித்து, அதில் புத்தகத்தை வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டு, கரையிறங்கிப் போனாள்.